மூடி போட்டு ஒரு படம்

"இந்தப் பச்சை சரியில்லையே."

நொட்டை சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார். டிசைனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று வாரம் முதுகு ஒடிய அவள் வரைந்த சர்க்யூட் போர்டு, திரையில் முப்பரிமாணத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மவுஸை அசைத்தால் போதும். புரளும், கவிழும், அடிவயிற்றைக் காட்டும்.

"சார், அது கம்ப்யூட்டர் காட்டுற பச்சை. ஃபாக்டரியில அவங்க பூசுறதைத்தான் பூசுவாங்க."

"இருந்தாலும் கண்ணை உறுத்துது. மாத்துங்க."

மாற்றினாள். மாற்றாமல் என்ன செய்வது? மனுஷன் செக்கர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு டிசைனும் வாசல் தாண்டாது. தப்பு கண்டுபிடித்தால் சிவப்புத் தாளில் எழுதுவார். ப்ரொபேஷனில் மூன்று சிவப்புத் தாள் வாங்கினால் வேலை காலி. டிசைனரே முந்திக்கொண்டு திருத்திவிட்டால் மட்டும் தாள் கிடையாது.

இரட்டைப் பிள்ளைகளுக்காக ஏழு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள் அவள். ஏற்கெனவே இரண்டு சிவப்புத் தாள். இரண்டையும் எழுதிய மகராசன் இவர்தான். இன்றைக்கு ப்ரொபேஷனின் கடைசி நாள். ஐந்து மணிக்குள் டிசைன் ஃபாக்டரிக்குப் போயாக வேண்டும். இவரோ பச்சையில் நிற்கிறார்.

"இந்த எழுத்தெல்லாம் ஏன் இப்படி? ஒண்ணு நிக்குது, ஒண்ணு படுத்துக்கிடக்கு."

"பார்ட் நம்பர் சார். எப்படி இருந்தாலும் கரண்ட் ஓடும்."

"ஓடும், ஓடும். பாக்க நல்லா இருக்க வேண்டாமா?"

பக்கத்து சீட்டுக்காரி சிரிப்பை அடக்க இருமினாள்.

எழுத்தையெல்லாம் நிமிர்த்தி முடித்தபோது மணி மூன்று. நொட்டை சார் விடுவதாக இல்லை.

"கஸ்டமருக்கு ஒரு படம் அனுப்பலாம். போர்டு உட்கார்ற டப்பாவோட மேல் மூடியை மாட்டி, பக்கவாட்டுல இருந்து அழகா ஒண்ணு எடுத்து வைங்க."

"மூடியா? அது பிளாஸ்டிக் செக்‌ஷன் ஃபைல் சார். ஏறவே பத்து நிமிஷம் ஆகும். இங்க யாரும் அதைப் போட்டுப் பாக்கறதே இல்ல."

"பரவால்ல. நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

அவர் தலை மறைந்ததும் பக்கத்து சீட்டுக்காரி நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

"செக் பண்ணச் சொன்னா போட்டோ எடுக்கச் சொல்றாரு. ரிடையர் ஆனா ஸ்டூடியோ வச்சுப் பொழைச்சுக்குவாரு."

மூடி மெல்ல மெல்ல ஏறி உட்கார்ந்தது. டிசைனர் போர்டைப் பக்கவாட்டில் திருப்பினாள்.

மூடிக்கு மேலே நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு கபாசிட்டர் உருளையின் மொட்டைத் தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐயாயிரம் போர்டு தயாராகி வந்து நிற்கும். ஒன்றுக்குக்கூட மூடி மூடாது.

"செத்தேன்டி!"

"கத்தாத. படுக்க வை!"

"யாரை?"

"கபாசிட்டரைடி! வந்து பாத்துட்டாருன்னா மூணாவது தாள்!"

கபாசிட்டரைப் படுக்கவைக்க இடம் வேண்டும். அதற்கு நாலு பார்ட்டை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் கரண்ட் ஓடும் கோடுகளை மறுபடி இழுக்க வேண்டும். இரண்டு கோடு இழுப்பதற்குள் நொட்டை சார் வந்துவிட்டார். எழுந்து திரையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆச்சா?"

"மூடி... இன்னும் ஏறிட்டே இருக்கு சார்."

"அப்ப இன்னொரு டீ."

அரை மணி கழித்து மறுபடி வந்தார். அவள் மறுபடி எழுந்து நின்றாள்.

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோ சார்."

"சரி, பிஸ்கட்டும் சாப்பிட்டுடறேன்."

"நம்ம நல்ல நேரம், அந்த ஆளுக்கு நாக்கு நீளம்," என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

நாலே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. கபாசிட்டர் சமர்த்தாகப் படுத்துக்கிடந்தது. நொட்டை சார் மூடி போட்ட படத்தைக் குனிந்து பார்த்தார். "பிழை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மேனேஜர் அறைக்குப் போனார்.

அறைக் கதவு திறந்தே இருந்ததால் மேனேஜரின் கச்சேரி எல்லோருக்கும் கேட்டது.

"பச்சை, எழுத்து, போட்டோன்னு ஒரு நாளையே பாழாக்கியிருக்கீங்களே! உருப்படியா ஒரு தப்பாவது கண்டுபிடிச்சீங்களா?"

"இல்லீங்க சார்."

"வயசுதான் ஆகுது!"

டிசைனருக்குக் காது குளிர்ந்தது. இரண்டு சிவப்புத் தாளுக்கும் சேர்த்து வாங்கட்டும்.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறவராம்! மலை மாதிரி தப்பு, மனுஷன் கோட்டை விட்டுட்டாரு," என்றாள் பக்கத்து சீட்டுக்காரியிடம். இருவரும் கையடித்துச் சிரித்தார்கள்.

இனி ஃபாக்டரிக்கு அனுப்புவதுதான் பாக்கி. அதற்கு முன் ஃபைலில் கிடக்கும் அளவுக் குறிப்புகளை அழிக்க வேண்டும். யார் எதை அளந்தாலும் ஆளையும் நேரத்தையும் குறித்துவைத்துக்கொள்வது அந்த சாஃப்ட்வேரின் பழக்கம். பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தவளின் சிரிப்பு, கடைசிக் குறிப்பில் நின்றுபோனது.

'கபாசிட்டர், மூடிக்கு வெளியே 2 மில்லிமீட்டர். அளந்தவர்: செக்கர். நேரம்: காலை 9.10.'