இடது ஓரக் குழி

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியில் எனக்குக் கட்டி வருவது இது மூன்றாவது தடவை. வந்தால் கண் நரம்பை அமுக்கும். நேரே இருப்பது தெரியும், இரண்டு ஓரமும் காணாமல் போகும். அந்த அரைக் கண்ணோடுதான் எதிர்வீட்டுச் சவரிராயனைக் கேரமில் பதினாறு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தேன். டாக்டர் மூக்கு வழியாகக் கேமராவோடு போனார். பழகிய பாதை. போன தடவை நான் அடக்கிய தும்மல் இன்னும் உள்ளே உட்கார்ந்திருந்ததாம், எழுந்து வழி விட்டதாம். கட்டியை எடுத்து, ஓட்டையை என் தொடைக் கொழுப்பால் அடைத்தார். "ஓரம் திரும்புமான்னு போகப்போகத்தான் தெரியும். தும்மிடாதீங்க, அடைப்பு விட்டுடும்" என்றார். அதனால் போர்டுக்குப் பவுடர் கிடையாது. வீடு திரும்பி ஆடிய முதல் ஆட்டத்தில், நான் அடித்த காய் இடது குழிக்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிட்டது. நான் வழக்கம்போல நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக ஒன்றுமே இல்லாத அந்த ஓரத்தில் சவரிராயனின் சுண்டுவிரல் முளைத்தது. நகம் வெட்டாத விரல். காயை மெல்லத் தள்ளிக் குழியில் போட்டுவிட்டு, ஒன்றும் அறியாததுபோல மடிக்குத் திரும்பியது.

"விழுந்துட்டு வே!" என்றான். பிறகு குரலை இறக்கி, "ஓரம் ஏதாவது தெரியுதா?"

பதினாறு ஆட்டமும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"எங்க வே, பழையபடிதான்."

பாவம், அவன் முகம் வாடிவிட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். சிவப்புக் காய் இன்னும் போர்டில் இருக்கிறது.