ஹெல்மெட்டுக்குள்ளே ஹீரோ

"நீ எங்கடா?" என்று அம்மா புஷ்பவள்ளி கேட்டது நாலு வரிசை தாண்டிக் கேட்டிருக்கும்.

தியேட்டர் திரையில் ட்ரெய்லர் ஓடிக்கொண்டிருந்தது. தீபனும் தன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

மலேசியாவின் ஜொகூர் பாரு இளைஞர்களைப் பற்றிய படம். தீபன்தான் கதாநாயகன். அதுவும் அவனுடைய முதல் படம். ட்ரெய்லர் வெளியீடு என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து, சொந்த ஊரான ரெங்கத்திலிருந்து வேன் பிடித்துச் சொந்தக்காரர்களை அள்ளிக்கொண்டு வந்திருந்தான். அம்மா, கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற பட்டுச்சேலையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஒரே ஒருவரிடம் மட்டும் அவன் மூச்சு விடவில்லை. அவன் வேலை பார்க்கிற சிங்கப்பூர் தொழிற்சாலையில் அவனுடைய சூப்பர்வைசர் லெட்சுமணன். பாத்ரூமுக்குப் போனால்கூடக் கடிகாரத்தைப் பார்க்கிற ஆள். சினிமா என்று அவர் காதில் விழுந்தால் தொலைந்தது.

ட்ரெய்லர் என்னவோ தூள்தான். இருட்டில் முதலில் ஒரு பைக்கின் உறுமல். வெளிச்சம் வந்ததும், ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கிற விடியற்காலைப் பாலம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பைக்குகள், மேலேயிருந்து ட்ரோன் பார்வையில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. பறையும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து அடிக்க, ஒவ்வோர் அடிக்கும் ஒரு காட்சி பாய்ந்தது. மழையில் நனைந்த தாரில் சிவப்பு நியான் வெளிச்சம். தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடையில் தே தாரிக் டீயை ஆற்றுகிற கை, ஸ்லோமோஷனில். எத்தனையோ நாள் பார்த்துச் சலித்த கடைதான், ஆனாலும் தீபனுக்குப் புல்லரித்தது.

பார்க்க வந்த பையன்கள் யாரும் நாற்காலியில் உட்காரவே இல்லை.

ஆனால் அத்தனையிலும் அவன் முகம் மட்டும் இல்லை. ஹெல்மெட் வந்தது, கையுறை வந்தது, முதுகு வந்தது. கடைசியில் அவன் ஹெல்மெட்டைக் கழற்றப் போகிற நொடியில் திரை இருண்டு, படத்தின் பெயர் வந்து விழுந்தது.

விசில் காதைப் பிளந்தது.

"அந்த ஹெல்மெட் நான்தாம்மா," என்றான் தீபன்.

"சரிப்பா," என்றார் அம்மா. நம்பின மாதிரித் தெரியவில்லை. வேனில் வந்த மாமா ஒருவர், பையன் படத்திலேயாவது வருவானா என்று விசாரித்தார்.

வெளியே இன்னும் மோசம். அந்த ஹெல்மெட் பையன் யார் என்று இளவட்டங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஒருத்தன் பக்கத்து ஊர் ஸ்கூடாய்ப் பையன் என்றான். இன்னொருத்தன் அது தன் ஒன்றுவிட்ட அண்ணன் என்று அடித்துச் சொன்னான். எல்லாம் தீபனின் மூக்குக்கு முன்னாலேயே நடந்தது. அவனை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ட்ரெய்லரை வெட்டி ஒட்டிய எடிட்டர் லோஷினி, கூடப் படித்தவள், பாப்கார்ன் கவுண்டர் பக்கம் நின்றிருந்தாள். தீபன் நேரே அவளிடம் போனான்.

"ஏன் லோஷி என் மூஞ்சிய வெட்டுன?"

"முகத்தைக் காட்டலைன்னா, ஒவ்வொரு பையனும் அது தான்தான்னு நெனைப்பான். பாத்தல்ல, எப்படிக் கத்துனாங்கன்னு."

"கதை விடாத லா. போன வாரம் நீயே எனக்குக் காட்டுனியே, அதுல ஹெல்மெட்டைக் கழட்டிட்டு நான் சிரிக்கிறேன். அது எங்க?"

லோஷினி தரையைப் பார்த்தாள். அது போதாதா? தீபனுக்குத் தலைக்கேறிவிட்டது. கூடப் படித்தவன் முன்னுக்கு வந்தால் அவளுக்கு வயிறு எரிகிறது என்றான். வெயிலிலும் மழையிலும் பைக் ஓட்டி முட்டியில் தையல் போட்டதற்கு இதுதான் மரியாதையா என்று கேட்டான். டப்பிங் பேச வரமாட்டேன், உங்க படத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கிளம்பியும் விட்டான்.

"நில்லுடா. ஷூட்டிங்குக்கு நீ எப்படி லீவு எடுத்த?"

தீபனின் குரல் இறங்கியது. "எம்சி போட்டேன்."

எம்சி என்றால் கிளினிக்கில் வாங்குகிற நோய்ச் சான்றிதழ். ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் அவனுக்கு ஒரு வயிற்று வலி வந்திருந்தது.

"சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு," என்றாள் லோஷினி. "உங்க சூப்பர்வைசர் எனக்குப் போன் பண்ணாரு."

"லெட்சுமணனா? அலாமாக், போச்சு. வேலை போச்சு."

"முழுசாக் கேளு. நம்ம பசங்க டிக்டாக்ல போட்ட ஷூட்டிங் வீடியோவைப் பாத்துட்டாரு. வயித்து வலின்னு படுத்திருக்க வேண்டியவன் பைக்ல பறக்குற. உங்க மேனேஜரோட சம்சாரம் தமிழாமே? ஒரு ட்ரெய்லர் விடாமப் பாப்பாங்களாம். அடுத்த மாசம்தான் உன்னை வேலையில கன்பர்ம் பண்றாங்களாம். அதுவரைக்கும் பையன் மூஞ்சி எங்கயும் வரக் கூடாது தங்கச்சின்னு கெஞ்சுனாரு. அந்த டிக்டாக் வீடியோவையும் அழிக்கச் சொல்லிட்டாரு. படம் வர்றப்ப நல்லாப் பெருசாக் காட்டுங்கன்னாரு."

அந்த முசுடா? தீபனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்டான். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக லெட்சுமணன் அண்ணன் கையைப் பிடித்து நன்றி சொல்லப் போவதாகச் சொன்னான்.

"அதை மட்டும் செஞ்சிடாதடா," என்றாள் லோஷினி. "விஷயம் தெரிஞ்சா உனக்கு அப்புறம் அவரு மேல பயமே இருக்காதாம், அதுக்குத்தான் சத்தியமே வாங்குனாரு."