தொண்ணூறு தாண்டிய பரம்பரை

"எங்க பரம்பரையில தொண்ணூறுக்குக் கீழ ஒருத்தரும் செத்ததில்லீங்க டாக்டரம்மா," என்றார் முனிராஜ், ஐந்தாவது முறையாக.

வெண்மதி பேனாவை மேசைமேல் எறிந்தாள். பென்னாகரம் மருத்துவமனைக்கு அவள்தான் மயக்க மருந்து டாக்டர். போன மாதம் மரபணுப் பயிற்சிக்காகச் சென்னை போய் வந்திருந்தாள். ஒரே மருந்து எல்லா உடம்புக்கும் ஒத்துவராது, முதலில் நோயாளியின் குடும்பத்தைப் படமாக வரை என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கோளாறு இருந்தால் உள்ளே கறுப்பு. பழகுவதற்காகத் தன் குடும்பத்தையே வரைந்து, கறுப்பே இல்லாத படம் என்று கைத்தட்டலும் வாங்கியவள்.

முனிராஜுக்கு மறுநாள் காலை குடலிறக்க ஆபரேஷன். முக்கால் மணி நேரத்தில் கட்டமும் வட்டமுமாக நாற்பது போட்டாயிற்று, ஒன்றிலும் கறுப்பில்லை. சர்க்கரை உண்டா என்றால் டீயில்கூடக் கிடையாது என்றார். தாத்தா தொண்ணூற்றாறு வயதில் ராகி மூட்டையோடு தீர்த்தமலை ஏறினாராம். பெரியப்பாவுக்கு நூற்றிரண்டில் புதுப் பல் முளைத்ததாம். நடுநடுவே, டாக்டரம்மாவின் அப்பா பொம்மிடி ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்தவர்தானே என்று விசாரணை வேறு.

வெண்மதி தாளை மடித்தாள். "ஆபரேஷன் கிடையாது, கிளம்புங்க. மயக்க ஊசி போட்டு உங்க சொந்தத்துல யாருக்காவது மூச்சு நின்னிருந்தா, அதே ஊசி உங்களையும் கொன்னுடும். அது தெரியாம நான் தொடமாட்டேன்."

முனிராஜ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தம்பிக்கு ஒருமுறை ஊசி போட்டதும் மூச்சு நின்று, மூன்று மணி நேரம் மெஷினில் வைத்துத்தான் பிழைக்க வைத்தார்களாம். அக்காவுக்கும் அப்படியேதானாம்.

"இதைப் போய் மறைப்பாங்களா?"

"பையனுக்குப் பொண்ணு பாத்திருக்கோமுங்க. வெளிய தெரிஞ்சா யாரு குடுப்பாங்க?"

"பொண்ணு வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். போதுமா?"

"அதான் பொண்ணுகிட்டயே சொல்லிட்டேனுங்களே." முனிராஜ் தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கெழமை உங்க வூட்டுக்குத்தான் வர்றோம். அப்பா சொல்லலீங்களா?"

வெண்மதி மடித்த தாளை மறுபடி விரித்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. அந்தத் தொண்ணூறு கணக்குகூட என்னுதில்லீங்க. உங்க வூட்டுல என்ன நோயின்னு நாங்க கேட்டப்போ உங்க அப்பா சொன்னதுதான்."

கைத்தட்டல் வாங்கிய படத்தை யார் சொல்லச் சொல்ல வரைந்தோம் என்பது வெண்மதிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.