படகுத்துறையில் நின்றவள்

யாத்திரை வேன் வடநாட்டின் அந்த ஏரிக்கரை மலையூரில் இரண்டு மணி நேரம் நிற்கும் என்று தெரிந்த நாளிலிருந்தே திலகவதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள் கயல் அங்கேதான் இருந்தாள். மருமகனுக்கு ஓர் ஓட்டலில் வேலை. நான்கு வருடமாக அவள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்பது கணவர் அருணகிரியின் கட்டளை. பத்து மணிக்குப் படகுத்துறைக்கு வந்து தூரத்தில் நின்றால் போதும் என்று திலகவதி மகளிடம் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் பத்து மணி ஆவதற்குள் அருணகிரி ஆசையாகப் படகுக்குச் சீட்டு வாங்கிவிட்டார். மறுக்க அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

துறையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும் கரையில் கயல் தெரிந்தாள், இடுப்பில் குழந்தையோடு.

"ஏனுங்க, படகத் திருப்பச் சொல்லுங்க."

"இப்பத்தான ஏறுனோம். குளுருதா?"

"இல்லீங்க."

சால்வை நுனியை முறுக்கியபடி அவள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருணகிரியும் அந்தப் பக்கம் திரும்பினார். வெகுநேரம் பார்த்தார். அவர் கத்தப்போகிறார் என்று திலகவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்தக் குளுர்ல கொழந்தைக்கு ஒரு குல்லா போடக் கூடாதா?" என்றார் அவர்.

பிறகு படகு ஆட ஆட எழுந்து நின்று, கரைக்குத் திருப்பச் சொல்லிப் படகுக்காரரைப் பார்த்து இரண்டு கைகளையும் வீசினார். தமிழ் தெரியாத படகுக்காரர், வேகமாகப் போகச் சொல்கிறார்போல என்று நினைத்து, அக்கரையை நோக்கி இன்னும் வலுவாகத் துடுப்புப் போட்டார்.