ஏழு உருப்படி செட்

கடைக்காரர் நான்ஸ்டிக் கடாயை விளக்கொளியில் சாய்த்துக் காட்டுகிறார். கறுப்புப் பூச்சு ஈரம்போல மினுங்குகிறது. அவன் மனைவியின் பழைய தவாவில் கீறல் விழுந்திருக்கிறதென்று காலையில்தான் அவனைக் கேட்காமலே அக்கா குப்பையில் போட்டாள். இப்போது கண்ணாடி மூடியைச் சுண்டிப் பார்க்கிறாள். "ஏழு உருப்படி செட்டாவே எடுத்துக்கடா. நாளைக்கு வர்றவளுக்கும் ஆகும்." மனைவி இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவன் காதுமடல் கொதிக்கிறது. "எவ வர்றா?" "கத்தாதடா, நாலு பேரு பாக்கறாங்க." "பாக்கட்டும்." பெட்டிக்குள் கைவிட்டு, ஒரு முட்டைக்குமேல் கொள்ளாத சின்னக் கடாயை உருவி மேசையில் அறைகிறான். மூடிகள் நடுங்குகின்றன. "செட்டைப் பிரிச்சுத் தர மாட்டோம் சார்" என்கிறார் கடைக்காரர். "மொத்தத்துக்கும் பில் போடுங்க. இது எனக்கு. மிச்சம் அக்கா வீட்டுக்குப் போகட்டும். வர்றவளையும் அங்கயே வச்சுச் சமைக்கச் சொல்லட்டும்."