அவளுடைய பங்கு

ஜின் கோப்பையை மூக்கருகே கொண்டுபோகச் சொன்னார்கள்.

அவள் கொண்டுபோகவில்லை. கைகளை மேசைக்கு அடியில், சால்வைக்குள் கோத்துக்கொண்டாள்.

வாசனை தானாகவே வந்தது. எலுமிச்சைத் தோல். கசக்கிய ஏதோ பச்சை இலை. அதற்கும் அடியில், அவளுக்கு நன்றாகத் தெரிந்த அது.

வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினாள்.

எடின்பரோவின் ஒரு சந்தில், படியிறங்கிப் போகவேண்டிய அறை. நீண்ட மேசையைச் சுற்றிப் பல தேசத்து ஆட்கள். ஸ்காட்லாந்தின் ஜின்னையும் சிங்கிள் மால்ட் விஸ்கியையும் எப்படிச் சுவைப்பது என்று மோரக் என்ற நரைத்த பெண்மணி சொல்லிக்கொடுத்தார். அந்த வேகமான ஆங்கிலத்தை முகிலன் தாழ்ந்த குரலில் தமிழாக்கிக்கொண்டிருந்தான்.

மகன் முகிலனின் பட்டமளிப்புக்காக அவளும் கணவரும் வந்திருந்தார்கள். இந்த மாலை அவன் சொல்லாமல் வைத்திருந்த பரிசு. அப்பாவுக்கு.

அம்மா சும்மா மோந்து பார்த்தால் போதும், அம்மா பங்கை அப்பா பார்த்துக்கொள்வார் என்று உட்காரும்போதே சிரித்தான்.

அவள் கணவர் தன் கோப்பையைக் காலி செய்தார். பிறகு அவளுடையதை இழுத்து, அதையும் குடித்து, வெறும் கோப்பையை அவள் முன்னால் வைத்தார். கஷாயம் குடிக்கிறவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு.

நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும் என்றான் முகிலன்.

அவர் தலையாட்டினார்.

வாழ்நாளில் அவர் குடித்த முதல் மது அது. அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முகிலன் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, பரணில் கொலுப்பெட்டிகளுக்குப் பின்னால் காலி பிராந்திப் பாட்டில்களைக் கண்டுபிடித்தான். ஒன்றைக் கையில் பிடித்தபடி கூடத்துக்கு வந்தான். அவள் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். அவன் முகம் அவள் பக்கம் திரும்புவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

என்னுடையதுதான் என்றார்.

பள்ளி முடியும்வரை முகிலன் அப்பாவின் வண்டியில் ஏறவில்லை. பாளையங்கோட்டை வெயிலில் நடந்தே போனான். அவர் சாப்பிட உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான். அவர் எதுவும் சொல்லவில்லை.

அவளும் சொல்லவில்லை.

மகன் நடந்து போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் நிறுத்தினாள். எத்தனையோ முறை தவறி, மறுபடி தொடங்கி.

முதல் விஸ்கி தேன் நிறத்தில் வந்தது. அதையும் இரண்டு பங்காக அவர் குடித்தார். காது மடல்கள் சிவந்துவிட்டன. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போடுகிற மனிதர்.

இரண்டாவதில் ஓரிரு துளி தண்ணீர் விடச் சொன்னார் மோரக். மூடிக் கிடக்கும் வாசனை அப்போது திறந்துகொள்ளுமாம்.

திறந்துகொண்டது.

அவள் முழங்கால் ஆடத் தொடங்கியது. அவர் திரும்பிப் பார்க்காமலே மேசைக்கு அடியில் அதன்மேல் கை வைத்து அழுத்தினார். மறுகையால் அவளுடைய கோப்பையை எடுத்துக் குடித்தார். இருமல் வந்தது. எப்படி இருக்கிறது என்று மோரக் கேட்டபோது, கண்ணில் நீர் நிற்க, வெரி குட் என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாவது ஊற்றப்பட்டது. புகை வாசனை. முகிலன் நாற்காலியை அப்பாவின் பக்கம் நகர்த்திக்கொண்டான். அவனுக்கும் லேசாக ஏறியிருந்தது.

"அப்பா, அப்ப நான் உங்ககிட்ட ரொம்ப மோசமா நடந்துக்கிட்டேன். பரண்ல ஒளிச்சு வச்சுக் குடிக்கிற அளவுக்கு உங்களுக்கு என்ன கஷ்டமோ. நான் கேக்கவே இல்ல." அவர் தோளில் கை போட்டான். "இனிமே என்கூட உக்காந்து குடிங்க."

அதெல்லாம் பழைய கதை, விடு என்றார் அவர். சொல்லிக்கொண்டே அவளுடைய பங்குக்குக் கை நீட்டினார்.

கை குறி தவறியது. கோப்பை சாய்ந்து, முழுவதும் கொட்டியது.

அவள் சட்டென்று பிடித்து நிமிர்த்தினாள். விரல்கள் நனைந்துவிட்டன.

அவர் அந்த விரல்களையே பார்த்தார். அவளும்தான். மேசையைச் சுற்றிப் பேச்சும் சிரிப்பும் எங்கோ தூரத்தில் கேட்டன.

விரல்களைச் சால்வையில் அழுத்தித் துடைத்தாள். ஒவ்வொன்றாக.

"அது அப்பாவோடது இல்ல," என்றாள்.

"எதும்மா?"

"பரண்ல இருந்தது."

"கோமதி," என்றார் அவர். அதட்டலா கெஞ்சலா என்று தெரியாத குரல்.

"எல்லாம் என்னோடது. உங்கப்பா குடிச்சதே கிடையாது. இன்னைக்குத்தான்."

முகிலன் சிரித்தான். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தவனைப்போல. சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது.

அப்பாவைப் பார்த்தான். அவர் தன் கைக்குட்டையால் மேசை ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

தோளில் போட்டிருந்த கையை முகிலன் மெல்ல எடுத்துக்கொண்டான். அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கடைசிப் பாட்டிலோடு மோரக் வந்தார். இருப்பதிலேயே பழையது இதுதான் என்று சொல்லிக்கொண்டே சாய்த்தார்.

முகிலன் தன் கோப்பையை இடது உள்ளங்கையால் மூடினான். அப்பாவுடையதை வலது உள்ளங்கையால்.

பாட்டிலின் வாய் அம்மாவுடைய கோப்பைக்கு மேலே வந்து நின்றது.

அவனிடம் வேறு கை இல்லை. அம்மாவைப் பார்த்தான்.

அவள் சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். கோப்பையின்மேல் வைத்தாள்.

உள்ளங்கைக்குக் கீழே கண்ணாடி ஈரமாக இருந்தது.

கையை எடுக்கவில்லை.