பத்து ரூலும் ஒரு கையெழுத்தும்

உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க. பேச்சை நிறுத்துங்க. ஏனுங்க விஜயாக்கா, உங்க ரேஷன் கடைச் சண்டை ஓடியா போயிரும்? இது சிரிக்கற விசயமா, வெக்கப்படற விசயமான்னு எனக்கே இன்னும் பிடிபடலை. கேட்டுட்டு நீங்க சொல்லுங்க.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, பாதிச் சனம் திருப்பூருக்கு பஸ் ஏறின வருசம். அந்த வருசம் பாத்துத்தான் அரவேணு பக்கம் எங்க புள்ளைக படிக்கற ஸ்கூலுக்கு நாலு கம்ப்யூட்டர் வந்து எறங்குச்சு. இலைதான் கைவிட்டுருச்சு, இதாவது புள்ளைகளுக்கு ஒரு வழி காட்டும்னு எல்லாருக்கும் நெனப்பு.

அப்பெல்லாம் இன்டர்நெட்டுன்னா போன் ஒயரைச் சொருகோணும். 'கீய்ய்ங்... கொர்ர்ர்... டொய்ங்'னு, குந்தா பஸ்ஸு ஏத்தத்துல கியர் மாத்தற கணக்கா கத்தும். கத்தி முடிச்சா வந்துருச்சுன்னு அர்த்தம். பாதி நாள் கத்தறதோட சரி.

கம்ப்யூட்டர் வாத்தியாரு ராஜசேகர் சார். மூக்கைப் பிடிச்சுட்டுப் பேசற மாதிரியே பேசுவாரு. "ரூல்ன்னா ரூல்ங்க." இப்படி. அவரு பதினொண்ணாவது புள்ளைக கையில ஆளுக்கொரு பேப்பரைக் குடுத்துவிட்டாரு. பூராவும் இங்கிலீசு. கம்ப்யூட்டரை எப்படித் தொடறது, இன்டர்நெட்டுல எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாதுன்னு பத்து ரூலாம். பெத்தவங்க கையெழுத்துப் போட்டாத்தான் புள்ளை கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள போக முடியும்.

நாங்க போட்டோம். படிச்சமான்னு கேக்காதீங்க. காலைல எஸ்டேட்டுல பேர் கூப்பிடற பெரட்டுல வேலை பிரிச்சுக் குடுக்கறப்ப, சூப்பர்வைசர் எதை நீட்டினாலும் போட்டுப் பழகின கை. அதுக்கு முந்தின வருசம் அப்படித்தான் லீவு பேப்பர்னு நெனச்சு ஒண்ணுல போட்டோம். கடைசில பார்த்தா வாரத்துல மூணு நாள்தான் வேலைங்கறதுக்கு நாங்களே சம்மதம் எழுதிக் குடுத்திருக்கோம். அத்தனை பட்டும் இதுலயும் போட்டோம்.

போடாத ஆளு ஒருத்திதான். சின்னம்மை. சிலோன்ல இருந்து வந்த குடும்பம். எஸ்டேட்டுல எங்க டிவிசன்லதான் இலை பறிக்கறா. அவ வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசி யாரும் பார்த்ததில்லை.

அவ மக ஜீவிதா மூணு வாரமா கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியே நிக்குது. உள்ள எம்பொண்ணு ஜம்முன்னு மவுஸை உருட்டுறா, இது ஜன்னல் கம்பியைப் பிடிச்சுட்டு எட்டிப் பார்க்குது. அடுத்த மாசம் பரீட்சை. கம்ப்யூட்டரைத் தொடாத புள்ளையை எழுத விட மாட்டேன்னு சார் சொல்லிட்டாரு.

எங்களுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பெத்த தாயே புள்ளை படிப்புல மண்ணைப் போடறாளேன்னு. திமிருன்னு ஒருத்தங்க சொன்னாங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன், விஜயாக்கா பக்கம் யாரும் திரும்பாதீங்க.

நான் வேற நெனச்சேன். பாவம், எழுதப் படிக்கத் தெரியாது, வெக்கப்படறான்னு. பெருவிரலைப் பிடிச்சு வச்சுடலாம்னு மை டப்பாவோட அவ லயத்து வீட்டுக்கே போயிட்டேன். என்னைப் பார்த்தா. மை டப்பாவைப் பார்த்தா. பால் ஊத்தாத சாயத்தண்ணி ஒரு டம்ளர் குடுத்து அனுப்பிட்டா.

கடைசில சார் எல்லாரையும் கூப்பிட்டு மீட்டிங் போட்டாரு. ஒழுங்குன்னாரு, பொறுப்புன்னாரு, இன்டர்நெட்டுங்கறது கத்தி மாதிரின்னாரு. அப்புறம் சின்னம்மையை முன்னாடி வரச் சொல்லி, இத்தனை பேரு போட்டதுல உனக்கு மட்டும் என்னம்மா பிரச்சினைன்னு மூக்காலயே கேட்டாரு.

அவ இடுப்புல இருந்து பேப்பரை எடுத்துப் பிரிச்சா. வரிக்கு வரி, ஓரத்துல பென்சில்ல தமிழு எழுதியிருந்துச்சு.

"ஜீவிதா டிக்சனரி வச்சு தெனம் ஒரு வரியா அர்த்தம் சொல்லிச்சுங்க. ஏழாவது வரிதான் வெளங்கலை. 'ஹாஸ்டல் புள்ளைக எட்டு மணிக்கு மேல வார்டன் சொல்லாம கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது'ன்னு இருக்கு. நான் கையெழுத்துப் போட்டா எம்மவளை ஹாஸ்டல்ல சேர்த்திருவீங்களா சார்? எனக்கு அவ ஒருத்திதான் இருக்கா."

நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். எந்த ஹாஸ்டல்? எந்த வார்டன்? மழை வந்தா ஒழுகாத கிளாஸ் ரூமே எங்க ஸ்கூல்ல ரெண்டுதான். எனக்குப் பக்கத்துல இருந்த வேலாமணி மெதுவா கேட்டான், அப்ப நாம எதுக்குண்ணே கையெழுத்துப் போட்டோம்னு. எனக்கென்ன தெரியும்?

சார் பேப்பரை வாங்கிப் படிச்சாரு. அன்னைக்குத்தான் மொதல்ல படிக்கற மாதிரி இருந்துச்சு. மூக்குக் குரலு எங்க போச்சுன்னே தெரியலை.

"அது... ஊட்டில ஒரு பெரிய ஸ்கூல்ல அவங்களுக்காக எழுதி இன்டர்நெட்டுல போட்டிருந்தாங்கம்மா. அப்படியே எடுத்து, கீழ என் பேரைப் போட்டுட்டேன். ஏழாவதை விட்டுரு. எல்லாரும் போட்டாச்சு. நீயும் போட்டுரு."

பேனாவை நீட்டினாரு. சின்னம்மை வாங்கலை.

"பத்தாவது வரி நல்லா வெளங்குச்சுங்க சார். இன்டர்நெட்டுல அடுத்தவங்க எழுதினதை எடுத்துத் தன்னோடதுன்னு குடுத்தா, ஒரு வாரம் கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியே நிக்கணுமாம். எம்மவ அங்கதான் நிக்கிறா. நீங்க எப்பங்க வர்றீங்க?"